கிண்டியில் இறங்குங்கள்

மறைமலைநகரில் ஷெட் பிடித்து, லேத் போட்டு, 'வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?' என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு:

1. ஒரே கம்பெனியை நம்பாதீர்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் அதன் மறைமலைநகர் ஆலையில் கடைசி வண்டி வெளிவந்தது. அதையே நம்பியிருந்த சிறு பட்டறைகள் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

2. சிறு தொழில்களைக் கைபிடித்து வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக ஐரோப்பிய ஆணையம் 2008இல் ஒரு வலையமைப்பையே தொடங்கியது. இங்கே அப்படி ஒரே வாசல் இல்லை, பல வாசல்கள். ஆனால் பாதிக்கு மேல் கிண்டிப் பக்கம்தான்: மாநிலச் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் தலைமையகம், மத்திய அரசின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அலுவலகம், மாநிலத் தொழில்முனைவோர் பயிற்சி நிறுவனம், காப்புரிமை அலுவலகம். மறைமலைநகர் ஸ்டேஷனில் பீச் ரயில் ஏறினால் போதும்.

3. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். ஏற்றுமதிக்கான ஐஇசி எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். இரண்டும் ஆன்லைனில். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்டிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். உத்யம் இருந்தால் டிரேட்மார்க்குக்கு 9,000 கட்ட வேண்டிய இடத்தில் 4,500தான்.

4. அலுவலகத்தில் நுழைந்ததும் 'எவ்வளவு மானியம்?' என்று கேட்காதீர்கள். மானியத்துக்காக மெஷின் வாங்கி, ஆர்டர் இல்லாமல் தவணை கட்டுபவர்களை நிறையப் பார்த்தாயிற்று. பாகத்தையும் டிராயிங்கையும் கையில் கொண்டுபோங்கள். 'ஜெர்மனிக்காரர் மெட்டீரியல் சர்டிபிகேட் கேட்கிறார், எங்கே எடுப்பது?' என்று கேட்டால் பதில் வரும். கிண்டியிலேயே எம்எஸ்எம்இ சோதனை மையம் இருக்கிறது. துண்டைக் கொடுத்தால் கார்பன் எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு, இழுத்தால் எங்கே அறுகிறது என்று தாளில் எழுதித் தருவார்கள். 'நம்ம சரக்கு நல்ல சரக்கு சார்' என்று நீங்கள் நூறு மெயில் போட்டாலும் அந்த ஒரு தாளுக்கு ஈடாகாது. புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும்போதும் முதல் செலவு இந்தச் சோதனையாகவே இருக்கட்டும். மெஷின் பிறகு.

5. மரப் பேலட்டைப் பாருங்கள். சூடேற்றிப் பூச்சி நீக்கியதற்கு அடையாளமாகக் கதிர்ச் சின்னமும் 'எச்.டி.' (HT) எழுத்தும் மரத்தில் அழியாமல் பதித்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனால், உள்ளே இருப்பது தங்கமே ஆனாலும் அந்த நாட்டுத் துறைமுகத்தில் தடுத்துவிடுவார்கள். திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில்.

6. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் கல் சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலைப்பட்டியலில் அதைப் போடுங்கள். நேற்று செதுக்கிய நந்தி பழங்காலச் சிலையோ என்று சுங்கத்தில் சந்தேகம் வரும். இது தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வேலை அத்தனை நேர்த்தி என்று வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

7. வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போக ஸ்டால் வாடகை, விமானக் கட்டணத்தில் ஒரு பங்கை மத்திய அரசுத் திட்டம் திருப்பித் தரும். பணம் பிறகுதான் வரும், கைக்காசு வேண்டும்.

8. உள்ளூரில் பணம் நின்றால் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது: 45 நாளுக்கு மேல் இழுத்தால் வட்டியோடு கேட்கலாம். கடல் தாண்டினால் அந்தச் சட்டம் வராது. அங்கே இசிஜிசி. 1957 முதல் ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனம். வாங்குபவர் திவாலானால் நஷ்டத்தில் பெரும்பகுதி கிடைக்கும்; அதைவிட முக்கியம், அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று அவர்களே விசாரித்துச் சொல்வார்கள். கன்டெய்னர் பூட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.