நாடக மேடை விளக்குகளை வெளிச் சமிக்ஞையால் இயக்குதல்

புனே நகரின் நடுவே பேஷ்வாக்களின் சனிவார் வாடா நிற்கிறது. 1732-இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மாளிகை 1828-இல் தீக்கிரையாகி, மதில்களும் வாயில்களும் அடித்தளங்களுமே எஞ்சின. அச்சிதைவுகளின் மீது விளக்கொளி பாய்ச்சி, பதிவு செய்த குரல்களைக் கொண்டு மராத்தியர் வரலாற்றைக் கூறும் ஒலி-ஒளிக் காட்சி அங்கு நடத்தப்பட்டுள்ளது. அதே நகரில் 1972 டிசம்பரில் விஜய் டெண்டுல்கரின் ‘காஷிராம் கோத்வால்’ நாடகம் ஜப்பார் படேலின் இயக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. பேஷ்வாக்களின் காலத்தையே பொருளாகக் கொண்ட இந்நாடகத்தில் நடிகர்களே வரிசையாக நின்று திரையாக அமைவர்; பாட்டும் ஆட்டமும் அன்றைய நடிகரின் மூச்சைப் பொறுத்து விரைவும் தாமதமும் கொள்ளும். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் விளக்குகளை ஒரே முறையில் மாற்றுதல் பொருந்தாது.

எவ்விடத்தில் எந்த விளக்கு எவ்வளவு மாறவேண்டும் என்று முன்கூட்டி வகுத்து வைப்பதே ஒளிக்குறிப்பு ஆகும். மேடைக்காரர்கள் இதனைக் ‘கியூ’ என்பர். வழக்கமாக இதனை ஒருவர் பொத்தானை அழுத்தி நிறைவேற்றுகிறார். அவருக்குப் பதிலாக, ஒலிப்பதிவோ, மேடையில் மறைத்து வைத்த சுவிட்சோ, வேறொரு கணிப்பொறியின் செய்தியோ அதனைத் தொடங்கி வைப்பின், அதுவே வெளித்தூண்டுதல்.

குறிப்பு புறப்பட்ட பின் அது விளக்கை அடையும் வழி எளிது. 1986-இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக் கழகம் வகுத்த டி.எம்.எக்ஸ். 512 என்னும் முறையில், ஒரு கம்பித் தடத்தின் வழியே 512 எண்கள் வரிசையாகச் செல்லுகின்றன. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை ஒளியின் அளவைக் குறிக்கும். முழு வரிசையும் வினாடிக்கு ஏறத்தாழ 44 முறை திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது. இவ்வெண்களையே கணிப்பொறி வலைப்பின்னலின் வழியே அனுப்பும் ஆர்ட்-நெட் முறையை 1998-இல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் வெளியிட்டது. இத்தகைய வலைச் செய்திகள் பெரும்பாலும் பதிவுத் தபாலைப் போன்றவை அல்ல. சாதாரண அஞ்சலட்டையைப் போன்றவை. போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகைச் சீட்டு வருவதில்லை.

வலையில் ஏற்படும் தாமதத்தைக் குறித்துப் பலர் வீணே அஞ்சுகின்றனர். நன்கு அமைந்த வலையில் அது சில மில்லி வினாடிகளே. மேடையிலிருந்து 20 மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவரை ஒலி அடைவதற்கே ஏறத்தாழ 58 மில்லி வினாடிகள் ஆகின்றன.

கோட்டைக் காட்சி போன்றவற்றில் ஒலிப்பதிவே தலைமை வகிப்பதால், அப்பதிவுடன் ஓடும் காலக்குறியீட்டை விளக்குக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கொடுப்பது தக்கது. இந்தியாவில் வழங்கும் 25 சட்டக் கணக்கில் ஒரு சட்டம் 40 மில்லி வினாடி. ஒலி நின்றால் குறிப்புகளும் நிற்கும். இரண்டும் பிரிந்து போவதில்லை. ஆனால் உயிருள்ள நடிகரைக் கடிகாரத்திற்கு அடிமையாக்கினால், அவர் வசனத்தை முடிக்குமுன் மேடை இருண்டுவிடும்.

நடிகை ஒருத்தி மாடத்தில் விளக்கேற்றும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மாடத்தின் அடியில் ஒரு சிறு சுவிட்சைப் பொருத்தினால், அவள் கை படும் கணத்திலேயே மேடை ஒளிபெறும். இங்கே இரண்டு இடர்கள் உள்ளன. சுவிட்சின் உலோக முனைகள் ஒரு முறை தொட்டு அமைவதில்லை. சில மில்லி வினாடிகளுக்குள் பலமுறை துள்ளுகின்றன. இரும்புத் தட்டின் மீது எஃகுக் குண்டு ஒன்றை விழச்செய்து இத்துள்ளலை ஆசிரியர்கள் வகுப்பில் காட்டலாம். ஒவ்வொரு துள்ளலையும் தனித் தூண்டுதலாகக் கருவி எண்ணிவிட்டால், ஒரு குறிப்புக்குப் பதில் மூன்று ஓடிவிடும். ஆகவே முதல் தொடுதலுக்குப் பின் வருபவற்றைச் சிறிது நேரம் புறக்கணிக்குமாறு கருவியை அமைத்தல் வேண்டும். மற்றோர் இடர், முந்திய காட்சியில் பொருள்களை நகர்த்தும் பணியாளர் அதனைத் தொட்டுவிடுவது. இதற்கு இயந்திரப் பரிகாரத்தைக் காட்டிலும் மனிதப் பரிகாரமே சிறந்தது. உரிய காட்சி வந்த பின்னரே விளக்காளர் அச்சுவிட்சுக்கு அனுமதி அளிக்கிறார்; கணத்தைத் தேர்வது நடிகை. நீண்ட சுவிட்சுக் கம்பிகளை 230 வோல்ட் கம்பிகளுடன் ஒரே குழாயில் செலுத்தலாகாது. கருவியின் நுழைவாயிலில் ஒளி வழியே மின்தடுப்புச் செய்யும் உறுப்பு இருத்தல் நலம்.

டி.எம்.எக்ஸ். முறையில் பிழையைக் கண்டறியும் ஏற்பாடு இல்லை. ஓர் எண் சிதைந்தால் விளக்கு ஒரு கணம் சிமிட்டும்; அதனால் தீங்கில்லை. ஆனால் அதே எண் மேடையின் பொறிக்கதவைத் திறப்பதாகவோ, வாணவெடியைப் பற்றவைப்பதாகவோ, பாரந்தூக்கியை இறக்குவதாகவோ இருந்தால் உயிர்ச்சேதம் நேரலாம். அவற்றை இத்தடத்தில் இணைத்தல் கூடாது. தீ எச்சரிக்கைக் கருவி ஒலிக்கும்போது அரங்கின் விளக்குகளை ஏற்றும் தொடர்பும் வலையை நம்பியிராமல் தனிக் கம்பியில் செல்லவேண்டும். விளக்காளரின் எந்தப் பொத்தானும் அதனைத் தடுக்க இயலாதிருத்தல் வேண்டும். வெளியேறும் வழிகளின் விளக்குகளுக்குத் தனி மின்கலம் தேவை.

ஒத்திகையின்போது, மேடையில் எவரும் ஆபத்தான இடத்தில் இல்லாத வேளையில், வலைக்கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பது பயனுள்ள சோதனை. சில மங்கற்கருவிகள் கடைசியாகப் பெற்ற அளவிலேயே நிற்கும். சில, சற்று நேரத்தில் அணைந்துவிடும். படிகளும் பள்ளங்களும் உள்ள மேடையில் முன்னதையே தேர்ந்து அமைத்தல் வேண்டும்.