நோயாளியின் அருகில் ஒரு நாள்வழி

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில், வைத்தியம் நான்கு உறுப்புக்களை உடையது என்று வள்ளுவர் வகுத்துரைக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகிலிருந்து பணி செய்பவர் என்பனவே அந்நான்கு. முதல் மூன்றையும் நாம் மறப்பதில்லை. நான்காமவரை மட்டும் எவரும் தேடுவதில்லை. வீட்டில் யார் கை ஓய்ந்திருக்கிறதோ அவரே அப்பணிக்கு உரியவர் என்று விட்டுவிடுகிறோம். ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருக்கும் நோயாளி, பின்னர்ப் பல மாதங்கள் கிடப்பது நம் வீட்டிலேதான். ஆகவே, நோயாளியைப் பேணும் முறையைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இதை எழுதும் உரிமை எனக்கு ஒரு தவறினால் வந்தது. நெசவாளரான என் தந்தையார் பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்து, பேச்சும் இழந்து படுக்கையிலானார். தாயார், தமையனார், அண்ணியார், நான் என நால்வர் அவருக்குத் துணையிருந்தோம். பத்தாம் நாள் அவரைப் பார்க்க வந்த கிராமச் செவிலியர், இடுப்பின் பின்புறத்தில் ரூபாய் நாணயமளவு புண் இருப்பதைக் காட்டினார். “கடைசியாக இவரைத் திருப்பிப் படுக்கவைத்தது யார்? எத்தனை மணிக்கு?” என்று வினவினார். நால்வரும் நான்கு விடை கூறினோம். ஒவ்வொருவரும் மற்றவர் திருப்பியிருப்பார் என்று நம்பியிருந்தோம். “நோட்டு ஒன்று போடுங்கள், ஐயா” என்றார் அவ்வம்மையார். சங்கம் தோறும் சென்று நாள்வழியில் ஒரு வரி விடுபட்டாலும் குறிப்பெழுதும் நான், என் வீட்டில் ஓர் ஏடும் வைக்கவில்லை! அப்புண் ஆற மூன்று மாதங்கள் ஆயின.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டு எழுதிய செவிலியம் பற்றிய நூலில், சிறு நிர்வாகம் குறித்து ஓர் அத்தியாயம் உண்டு. நாம் அருகிலிருக்கும்போது செய்யும் பணி, நாம் இல்லாதபோதும் நடைபெறுமாறு ஏற்பாடு செய்வதே பேணுதலின் உயிர் என்பது அதன் சாரம். அதற்குரிய முறைகளை வரிசையாகக் காண்போம்.

1. ஏடு: நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மணி, எப்பக்கம் படுத்திருக்கிறார், உட்கொண்ட உணவும் நீரும், கொடுத்த மருந்து, சிறுநீரும் மலமும், உடற்சூடு, செய்தவர் கையெழுத்து என்று பத்திகள் பிரிக்க வேண்டும். செய்தவுடனே எழுதுதல் வேண்டும். இரவில் நினைவிலிருந்து எழுதுவது கணக்காகாது.

2. கைசுத்தம்: நோயாளியைத் தொடுமுன்னும், தொட்ட பின்னும், உணவூட்டுமுன்னும், மலஜலம் அகற்றிய பின்னும் சோப்பினால் கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். விரலிடுக்கும் நகக்கண்ணும் விடுபடலாகாது.

3. படுக்கை: படுக்கைப் புண் அழுக்கினால் மட்டும் வருவதன்று. எலும்பு மேடான இடத்தில் உடலின் பாரம் நெடுநேரம் அழுத்தும்போது, அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை மடிகிறது. இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, முழங்கை, தோள், பின்தலை ஆகியவற்றை நாள்தோறும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் அச்சிவப்பு வெளுக்காவிடில் அது புண்ணின் தொடக்கம். கறுத்த மேனியில் சிவப்புத் தெரியாது. சூடு, கடினம், வலி ஆகியவற்றால் அறியலாம். அவ்விடத்தைத் தேய்த்துப் பிடித்துவிடுதல் தீங்கு. அதன்மேல் பாரம் படாமல் காப்பதே வழி.

இரண்டு மணிக்கொரு முறை இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம் என்று மாற்றிப் படுக்கவைப்பது நல்ல வழக்கம். பக்கவாட்டில் படுக்கும்போது முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கிடையே ஒன்றும் வேண்டும். மல்லாந்திருக்கையில் கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையைத் தொடாது. காற்று மெத்தை இருப்பினும் திருப்புவதை நிறுத்தலாகாது. நோயாளியை இழுத்தால் தோல் உரியும். பலமுறை துவைத்து மென்மையான பருத்தி வேட்டியை நான்காக மடித்து அவர் உடலின்கீழ் குறுக்கே விரித்து, இருபுறமும் இருவர் பற்றித் தூக்கி நகர்த்த வேண்டும். விரிப்பில் சுருக்கமும் ஈரமும் இருத்தல் ஆகாது. செயலிழந்த கையைப் பற்றி ஒருபோதும் இழுக்கலாகாது, தோள்மூட்டு இறங்கிவிடும். சட்டை அணிவிக்கையில் செயலிழந்த கைக்கு முதலிலும், களைகையில் நல்ல கைக்கு முதலிலும் செய்க.

4. உணவு: பக்கவாதம் கண்டவருக்கு விழுங்கும் ஆற்றலும் குறைந்திருக்கலாம். வைத்தியர் அனுமதித்த பின்னரே வாய்வழி உணவு தரவேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியால், முன்னது விழுங்கிய பின்னரே அடுத்தது ஊட்டுக. இருமினாலும் குரல் கரகரத்தாலும் நிறுத்துக. மயக்கத்திலிருப்பவர் வாயில் நீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். உண்டபின் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். கன்னத்தில் ஒதுங்கிய சோற்றை அகற்றி வாயைத் தூய்மை செய்க. மாத்திரையைப் பொடிப்பதும் வைத்தியரைக் கேட்டே செய்யத்தக்கது.

5. அபாய அறிகுறிகள்: உடற்சூடு 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுதல், மூச்சுத் திணறல், சிறுநீர் மிகக் குறைதல், புண்ணில் துர்நாற்றம் ஆகியவற்றைக் கண்டால் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். எழுப்பியும் விழிக்காவிடினும், முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் புதிதாகத் தோன்றினாலும், ஒரு கணமும் தாமதியாது 108 ஊர்தியை அழைக்க வேண்டும். இரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் நாலரை மணி நேரத்திற்குள் தரத்தக்கது. எனவே அறிகுறி தோன்றிய நேரத்தையும் ஏட்டில் குறிக்க வேண்டும்.

இவையனைத்தும் உடலுக்குச் செய்வன. பேச்சிழந்தவர் அறிவிழந்தவர் அல்லர். திருப்புமுன் “அப்பா, இடப்பக்கம் திருப்புகிறோம்” என்று சொல்லிச் செய்தோம். சில வாரங்களில் இரண்டு மணி நேரம் நிறைந்ததும், எங்களுக்கு முன்னரே என் தந்தையார் தம் இடக்கையை உயர்த்திச் சுவர்க்கடிகாரத்தைக் காட்டலானார். ஏட்டின் கணக்கை எங்களினும் நன்றாக வைத்திருந்தவர் அவரே.

இறுதியாக ஒன்று. பணி செய்பவரும் மனிதரே. எங்கள் வீட்டு ஏட்டை முதல் வாரம் புரட்டியபோது, இரவுக் கையெழுத்துக்கள் யாவும் என் தாயாருடையவாய் இருக்கக் கண்டு நாணினேன். அன்றே இரவைப் பங்கிட்டுக்கொண்டோம். யார் தூங்கவில்லை என்பதையும் அந்த ஏடு காட்டிவிடும். அங்கத்தினர் வீட்டில் ஒருவர் நோயுற்றால், அண்டை வீட்டார் ஓரிரவு விழித்திருக்க முன்வரலாம். தறியில் நின்ற பாவை ஒருவர் ஓட்டிக் கொடுக்கலாம். வயலுக்கு ஒருவர் நீர் பாய்ச்சலாம். ஒருவர் தனியே சுமக்க இயலாததைப் பலர் பங்கிட்டுச் சுமப்பதே கூட்டுறவு. அது சங்கக் கட்டடத்தோடு நின்றுவிடலாகாது. நோயாளியின் கட்டிலருகும் வருதல் வேண்டும்.