மூன்றாவது வயர் எதுக்கு?
கேத்தலுக்குப் பிளக் மாற்றும் பாடம்



மலைநாட்டுக் குளிரில் பிரட்டுக்குப் போகுமுன் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் வைப்பது இன்று அநேகமான லயக் காம்பராக்களில் வழக்கமாகிவிட்டது. கேத்தல் நல்லா இருக்கும்போதே பிளக் கருகிப்போகும், அல்லது உடைந்துபோகும். டவுனில் ஒரு புதுப் பிளக் வாங்கி மாட்டினால் சரி. ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. இரண்டு வயரை உரித்து, பிளக் பேஸ் ஓட்டைக்குள் நேரே விட்டு, நெருப்புக்குச்சியைச் செருகி இறுக்கிவிடுகிறார்கள்.

"ஐயா, ரெண்டு வயர்லயே தண்ணி கொதிக்குதே, மூணாவது வயர் எதுக்கு?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தப் பாடம்.

மூன்று வயரின் வேலை

கபில நிற வயர், அதாவது பிரவுண் வயர், கரண்டைக் கொண்டுவருகிறது. அது லைவ். நீல வயர் திருப்பிக் கொண்டுபோகிறது. அது நியூட்ரல். பச்சையும் மஞ்சளும் சேர்ந்தது ஏர்த். பழைய வயர்களில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த்.

தண்ணீர் கொதிக்க முதல் இரண்டும் போதும். ஏர்த் வயர் இருப்பது தண்ணீருக்காக இல்லை, உங்கள் உயிருக்காக. உள்ளே பழுதாகி லைவ் வயர் கேத்தலின் உலோக உடம்பில் பட்டால், அந்த உடம்பில் 230 வோல்ட் ஏறும். ஏர்த் இருந்தால் கரண்ட் அந்த வழியாக நிலத்துக்கு ஓடும். போன கரண்ட் முழுவதும் திரும்பி வரவில்லை என்பதை ட்ரிப் சுவிட்ச் உணர்ந்து, கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

ஏர்த் இல்லாவிட்டால்? வெளியே ஒன்றும் தெரியாது, கேத்தல் வழக்கம்போலக் கொதிக்கும். யார் முதலில் தொடுகிறார்களோ, அவர்கள் உடம்பு வழியாகத்தான் கரண்ட் நிலத்துக்குப் போகும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் அம்மாவாக இருக்கலாம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருக்கலாம். ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலும் ஷொக் அடித்த பிறகுதான் விழும். வேலை செய்கிறது என்பது ஒன்று, பத்திரமாக இருக்கிறது என்பது வேறு.

என்ன வாங்குவது?

13 ஆம்பியர் சதுரக்கால் பிளக் வாங்குங்கள். நாட்டின் நியமமும் இப்போது அதுதான். 2000 வாட் கேத்தல் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன 5 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது, சூடாகி உருகும். பிளக்குக்குள் 13 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் எரிந்தால் புதியது போடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றக் கூடாது.

மாட்டும் முறை

1. சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றி, கேத்தலை மேசைமேல் வையுங்கள்.

2. பழைய பிளக்கை வெட்டி எடுத்தால் அதன் கால்களை வளைத்து எறியுங்கள். பிள்ளைகள் அதை எடுத்துப் பேஸில் செருகினால் வெட்டிய முனையில் கரண்ட் இருக்கும்.

3. வெளித்தோலை இரண்டு விரல் அகலத்துக்கு உரியுங்கள். உள்வயர் ஒவ்வொன்றையும் ஓர் அரிசி நீளத்துக்கு உரித்து, செம்புக் கம்பிகளை முறுக்குங்கள். உள்ளே இரண்டு வயர் மட்டும் உள்ள உலோகக் கேத்தலைப் பாவிக்க வேண்டாம்.

4. புதுப் பிளக்கைத் திறந்து, கால்கள் கீழே பார்க்க, பெரிய கால் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்குமாறு வையுங்கள். பெரிய காலில் ஏர்த், வலப்பக்கம் பியூஸ் உள்ள காலில் கபிலம், இடப்பக்கம் நீலம்.

5. ஏர்த் வயரைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது இழுத்தாலும் அது கடைசியாகத்தான் கழற வேண்டும்.

6. ஆணிகளை இறுக்கி, ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு கம்பி இழைகூட வெளியே நீட்டக் கூடாது. பிளக்கின் பிடி, வெளித்தோலைத்தான் பிடிக்க வேண்டும்.

7. மூடிய பிறகு செருகுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் ஏர்த் வயரைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போடாதீர்கள். கேத்தலில் பழுது என்று அது சொல்கிறது. திருத்தக் கொடுங்கள்.

நாம் கை வைக்கக் கூடாதவை

மெயின் சுவிட்ச், கூரை வயர், பிளக் பேஸ் மூன்றும் தகுதியுள்ள எலெக்ட்ரீசியனின் வேலை. பக்கத்துக் காம்பராவுக்கு வயர் இழுத்துக் கொடுப்பதும் ஆபத்து. லயத்துக்கு ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த தீ மற்றக் காம்பராக்களுக்கும் போகும். பேஸ் சூடானாலோ, கருகிய மணம் வந்தாலோ பாவிப்பதை நிறுத்தி, தோட்ட ஒபீசுக்கு எழுத்தில் அறிவியுங்கள். திகதி போட்டு, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும், எழுதியது நிற்கும்.

ட்ரிப் சுவிட்சில் ஒரு சிறிய பட்டன் இருக்கும். மாதம் ஒரு தரம், சம்பள நாளன்று, அதை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை நம்ப முடியாது, மாற்ற வேண்டும். ஆனால் பட்டன் சோதிப்பது ட்ரிப் சுவிட்சை மட்டும்தான். ஏர்த் நல்லா இருக்கிறதா என்பதை எலெக்ட்ரீசியன்தான் சோதிக்க வேண்டும்.

ஷொக் அடித்தால்

பதறி ஆளைப் பிடிக்காதீர்கள், உங்களையும் அடிக்கும். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். பிறகு 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். ஆள் எழுந்து நின்றாலும் ஆஸ்பத்திரியில் காட்டுவது அவசியம்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் கேத்தலின் பிளக்கில் மூன்று வயரும் மாட்டியிருக்கிறதா?
2. ட்ரிப் சுவிட்ச் எங்கே இருக்கிறது? பட்டனைக் கடைசியாக எப்போது அழுத்தினோம்?
3. மெயின் சுவிட்சை நிறுத்த வீட்டில் யார் யாருக்குத் தெரியும்?