கருகாத்த நாயகி கற்றுத் தரும் பாடம்

தஞ்சை மாவட்டம் பாபநாசத்தை அடுத்து, வெட்டாற்றின் கரையில் அமைந்திருக்கிறது திருக்கருகாவூர். முல்லைவனநாதரும் கர்ப்பரட்சாம்பிகையும் அருளும் இத்தலத்தின் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான்.

நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கர்ப்பவதியாக இருந்தாள். கணவர் வெளியே சென்றிருந்த ஒருநாள், ஊர்த்துவபாத முனிவர் பிட்சை கேட்டு வந்தார். களைப்பில் இருந்த வேதிகையால் உடனே எழுந்து வர முடியவில்லை. அலட்சியம் செய்கிறாள் என்று எண்ணிய முனிவர் சபித்துவிட, கருவுக்கு ஆபத்து வந்தது. கதறிய வேதிகைக்காக அம்பாள் அந்தக் கருவைக் குடத்தில் வைத்துக் காத்து, நைத்துருவன் என்ற குழந்தையாகத் தந்தாள்.

முனிவருக்குப் புரியாத களைப்பு, அம்பாளுக்குப் புரிந்தது. நம் வீட்டு மகளோ மருமகளோ முழுகாமல் இருக்கும்போது நாம் யாராக நடந்துகொள்ளப் போகிறோம்? இதுதான் இந்தத் தலம் கேட்கும் கேள்வி.

முதல் மூன்று மாதங்கள்

வேதிகையின் களைப்பு பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் அதிகம். மசக்கை, தலைசுற்றல், தாளிக்கும் வாசனைகூடப் பிடிக்காமை எல்லாம் இயல்பு. சோம்பல் என்று நினைக்காதீர்கள். சிறிது சிறிதாக, பலமுறை சாப்பிடக் கொடுங்கள். நான்காவது மாதத்தில் பலருக்கு இது குறைந்துவிடும். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். டாக்டர் தரும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறவிடக் கூடாது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் காலம் இது. கர்ப்பிணிகளுக்குப் பட்டினி விரதம் வேண்டாம். ஒரு நமஸ்காரமும் நாமஜபமும் போதும்.

நான்கு முதல் ஏழு வரை

ஐந்தாம் மாதம் பூச்சூட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் குழந்தையின் முதல் அசைவு தெரியும். மீன் துள்ளுவது போல, குமிழி உடைவது போல இருக்கும். தலைப்பிரசவம் என்றால் சற்றுத் தாமதமாகத் தெரியலாம்.

ஏழாம் மாதத்துக்குள் குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. தாயின் வயிற்றில் இருந்தபடி பிரகலாதன் நாரதரின் உபதேசம் கேட்ட கதையை நினைத்துப் பாருங்கள். வளைகாப்பில் அடுக்கும் கண்ணாடி வளையல்களின் ஒலியும், சீமந்தத்தில் வீணை இசைக்கச் சொல்லும் சாஸ்திரமும் எத்தனை பொருத்தம்! அந்தக் காதில் சண்டையும் சுடுசொல்லும் விழாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் கடமை.

எட்டாம் மாதம் முதல்

இடுப்பு வலி, மூச்சு வாங்குதல், அடிக்கடி சிறுநீர், மாலையில் லேசான கால் வீக்கம் ஆகியவை வரலாம். இடதுபுறம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. 'பத்து மாதம் சுமந்தவள்' என்று பெரியோர் சொன்னது சரியான கணக்கே. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரம், அதாவது 28 நாள் கொண்ட பத்து மாதங்கள். குறித்த தேதிக்கு முன்பின் ஆவதும் சகஜம்.

சுகப்பிரசவத்துக்காகத் திருக்கருகாவூரில் தரும் விளக்கெண்ணெய்ப் பிரசாதத்தை வயிற்றில் மென்மையாகத் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம்.

ராகு காலம் பார்க்காதீர்கள்

ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், வலிப்பு, பனிக்குட நீர் கசிதல், குழந்தையின் அசைவு குறைதல்... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். 'ராகு காலம் கழியட்டும்', 'விசேஷம் முடியட்டும்' என்று காத்திருக்கக் கூடாது. கருவைக் காக்கப் புறப்படும் நேரம் எல்லாமே நல்ல நேரம்தான்.

கணவருக்கு ஒரு வார்த்தை

வேதிகைக்குத் துன்பம் வந்தபோது கணவர் அருகில் இல்லை. நீங்கள் அருகில் இருங்கள். பரிசோதனைக்கு உடன் செல்லுங்கள். கடைசி மாதத்தில் வண்டிக்கும் பணத்துக்கும் துணைக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள். அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது.

வேதிகையின் கருவைக் குடத்தில் வைத்துக் காத்தாள் அம்பாள். இன்று அந்தக் குடமாக இருக்க வேண்டியது நம் வீடு. தாயும் சேயும் நலமாக வீடு திரும்ப கர்ப்பரட்சாம்பிகை அருள்வாளாக!