விளக்கு வேண்டாம், வெளிச்சம் போதும்

கேள்வி: பொருளை விற்காமல் அதன் பயனை மட்டும் விற்றால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்களே, எப்படி?

பதில்: நெதர்லாந்தின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் 2015-இல் தொடங்கிய ஏற்பாட்டைப் பாருங்கள். அங்கே பொருத்திய எல்.இ.டி. விளக்குகள் பிலிப்ஸ் நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தன. பயன்படுத்திய வெளிச்சத்துக்கு மட்டும் விமான நிலையம் பணம் கட்டியது.

விளக்கு கெட்டால் நஷ்டம் தயாரித்தவருக்கு என்றானதும் வடிவமைப்பே மாறியது. எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் முதலில் பழுதாவது, மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர். அதை விளக்குக்கு வெளியே, எளிதில் கைக்கு எட்டும்படி வைத்தார்கள். பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். முழு விளக்கையும் குப்பையில் போட வேண்டியதில்லை. வழக்கமான விளக்குகளைவிட இவை 75 சதவீதம் கூடுதலாக உழைக்கும் என்று பிலிப்ஸ் அறிவித்தது.

ஆனால், வாடகைக்கு விட்டாலே இயற்கைக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது. நெதர்லாந்து ஆய்வாளர் அர்னால்ட் டக்கர் 2004-இல் இதை அலசினார். வெறும் குத்தகையில், தங்களுடையது அல்லாத பொருளை மக்கள் அலட்சியமாகக் கையாளக்கூடும். பலனுக்கே விலை வைக்கும் முறையில்தான் பெரிய மிச்சத்துக்கு வாய்ப்பு உண்டு என்றார்.

ஆகவே, பழுதுச் செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள். அது தயாரிப்பாளருடையதாக இருந்தால்தான் நீடித்து உழைக்கும் பொருளைச் செய்ய அவருக்கு அக்கறை வரும்.