பூட்டும் சான்றும்

தில்லியில் வாழும் குடும்பம் ஒன்று மதுரைக்குச் செல்லத் தொடர்வண்டிப் பயணச்சீட்டை இணையத்தில் பதிவு செய்கிறது. அப்போது அனுப்பப்படும் கடவுச்சொல் நேரே உரிய தளத்தைச் சென்றடைவதில்லை. வீட்டு வைஃபை கருவி, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணினிகள் எனப் பல கைகள் மாறியே செல்கிறது. மறைக்காமல் அனுப்பினால், அஞ்சலட்டையைப் போல இடையில் உள்ளோர் அதனைப் படித்துவிடக்கூடும். ஆகவே, செய்தி புறப்படும் முன்பே மறைகுறியாக்கம் செய்யப்படுகிறது. இடையில் இருப்பவருக்குப் பொருளற்ற குறிகளே தென்படும். முகவரி 'எச்டிடிபிஎஸ்' எனத் தொடங்குவது இதற்கு அடையாளம்.

மறைத்து அனுப்பினால் மட்டும் போதுமா? போதாது. வங்கியைப் போல நடிக்கும் வஞ்சகனுக்கே பெட்டியைப் பூட்டி அனுப்பினால், திறவுகோலும் அவனிடமே இருக்கும். மறுமுனையில் இருப்பவர் யார் என அறியவே சான்றிதழ் தேவைப்படுகிறது.

பாதுகாப்பான தளத்திற்கு இரு திறவுகோல்கள் உண்டு. பொதுத் திறவுகோலை எவரும் காணலாம். தனித் திறவுகோலைத் தளம் எவருக்கும் காட்டாது. 'இப்பொதுத் திறவுகோல் இம்முகவரிக்கு உரியது' எனச் சான்றளிப்பு நிறுவனம் மின்கையொப்பமிட்டுத் தருவதே சான்றிதழ். தான் நம்பும் நிறுவனங்களின் பட்டியலை உலாவி வைத்திருக்கிறது. கையொப்பம், முகவரி, காலவரம்பு ஆகியவற்றை அது சரிபார்க்கிறது. தனித் திறவுகோல் தன்னிடம் உள்ளதெனத் தளமும் மெய்ப்பிக்கிறது. இவை அனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆயினும், சான்றிதழ் முகவரியை மட்டுமே உறுதிசெய்யும். முகவரிக்கு உரியவர் நல்லவர் எனக் கூறாது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் புதுமுகவரி பெற்றவனும் முறையான சான்றிதழைப் பெற்றுவிடலாம்.

சான்றளிப்பவரே தவறினால் என்னாகும்? 2011ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் டிஜிநோட்டார் என்னும் சான்றளிப்பு நிறுவனத்தின் கணினிகளுள் ஊடுருவியோர், 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினர். அவற்றுள் ஒன்று கூகுளின் பெயரில் அமைந்தது. அதனைக் கொண்டு ஈரான் நாட்டு மக்களின் ஜிமெயில் தொடர்புகள் இடைமறிக்கப்பட்டன. சான்றிதழில் முறையான கையொப்பம் இருந்தமையால் பிற உலாவிகள் ஐயுறவில்லை. கூகுளுக்கு எந்நிறுவனங்கள் சான்றளிக்கலாம் என்பதை முன்பே அறிந்திருந்த குரோம் உலாவி மட்டும் எச்சரித்தது. அவ்வெச்சரிக்கையைக் கண்ட ஈரானியர் ஒருவர் அதனை உலகிற்கு அறிவித்தார். ஊடுருவலை ஜூலையிலேயே அறிந்தும் நிறுவனம் வெளியிடாமல் இருந்ததே பெரும்பிழை. உலாவிகள் அதன் பெயரைத் தம் பட்டியலிலிருந்து நீக்கின. செப்டம்பரில் அது நொடித்துப்போனது. நெதர்லாந்து அரசுத் தளங்களும் அந்நிறுவனத்தின் சான்றிதழ்களைப் பயன்படுத்தி வந்தமையால், அவற்றை விரைந்து மாற்ற நேர்ந்தது. பின்னாளில், வழங்கப்படும் சான்றிதழ்களை எவரும் காணத்தக்க பொதுப் பதிவேட்டில் எழுதும் முறை நடைமுறைக்கு வந்தது.

சொற்பொருள்: வஞ்சகன் – ஏமாற்றுபவன், மெய்ப்பித்தல் – உண்மையென நிறுவுதல், ஐயுறுதல் – சந்தேகப்படுதல்.

வினாக்கள்
1. மறைகுறியாக்கம் இருந்தும் சான்றிதழ் தேவைப்படுவது ஏன்?
2. போலிச் சான்றிதழைக் குரோம் உலாவி கண்டறிந்தது எவ்வாறு?