இடரும் அனர்த்தமும்

புவியியல் நூலார் 'இடர்' என்றும் 'அனர்த்தம்' என்றும் இரு சொற்களை வேறுபடுத்தி வழங்குவர். புவியோடு அசைவதும், சூறாவளி உருவாவதும், கடல் பொங்குவதும் இடர்கள். அவை குடியிருப்புக்களைத் தாக்கி, உயிரையும் உடைமையையும் அழித்து, ஒரு சமுதாயம் தன் வலியாலே எழுந்து நிற்க இயலாத நிலையை உண்டாக்குமிடத்து அனர்த்தம் எனப்படும். ஆளற்ற பாலைநிலத்தில் நிகழும் நடுக்கம் எத்துணைப் பெரிதாயினும் அனர்த்தமாகாது. இவ்வேறுபாட்டை மாணவர் பரீட்சையின் பொருட்டு மனனஞ் செய்து பின்னர் மறந்துவிடுவதுண்டு. அதன் முழுப்பொருள் விளங்கவேண்டுமாயின் உண்மை நிகழ்ச்சிகள் சிலவற்றை ஒப்புநோக்குதல் வேண்டும்.

2010 ஆம் ஆண்டு சனவரி 12 இல் கரிபியன் கடலிலுள்ள ஹெயிட்டி நாட்டில் 7.0 அளவுடைய புவிநடுக்கம் நிகழ்ந்தது. அதே ஆண்டு பெப்ரவரி 27 இல் தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டின் கரையோரத்தில் 8.8 அளவுடைய நடுக்கம் நிகழ்ந்தது. இவ்வளவுத்திட்டத்தில் ஓரலகு கூடுமிடத்து வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகப் பெருகும். ஆகவே சிலியில் வெளிப்பட்ட சக்தி ஹெயிட்டியிற் காணப்பட்டதிலும் சுமார் 500 மடங்கு பெரிது. ஆயினும் சிலியில் மாண்டோர் 500 பேருக்குச் சற்று மேற்பட்டோரே. ஹெயிட்டியில் மாண்டோர் தொகைபற்றிய மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. அது ஓரிலட்சத்தைக் கடந்ததென்பது பெரும்பாலார் கருத்து. அந்நாட்டு அரசாங்கமோ மூன்று இலட்சத்துக்கு மேலெனக் கணக்கிட்டது.

ஹெயிட்டியின் நடுக்கம் ஆழங் குறைந்தது. தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்சிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரத்திலேயே அதன் மையம் இருந்தது. சிலியின் நடுக்கமோ கடலடியிலே தோன்றியது. இவற்றைக் கருதாது ஒப்பிடுதல் நேர்மையன்று. எனினும் இவற்றை எல்லாங் கழித்த பின்னரும் எஞ்சி நிற்கும் வேறுபாடு மிகப் பெரிது. அதன் காரணத்தைக் கட்டடங்களிலேதான் தேடவேண்டும். 1928 இல் தால்கா நகரும், 1939 இல் சில்லான் நகரும் அழிந்த பின்னர், சிலி நாட்டார் கட்டட விதிகளைச் சட்டமாக்கினர். 1960 இல் அந்நாட்டைத் தாக்கிய 9.5 அளவுடைய நடுக்கமே இற்றைவரை கருவிகளாற் பதியப்பட்டவற்றுள் மிகப் பெரியது. இவ்வாறு ஒவ்வோர் அழிவின் பின்னும் விதிகள் திருத்தப்பட்டு வந்தன. கட்டடத்தின் அமைப்பிலே குறை காணப்படின், அதனைக் கட்டி விற்றவர் பத்தாண்டுவரை பொறுப்பாளியாவர். ஹெயிட்டியிலோ நடைமுறைப்படுத்தப்பட்ட விதி எதுவுமில்லை. வலுவற்ற கற்சுவர்களின் மேற் பாரமான கொங்கிறீற்றுக் கூரை. சீமெந்திற் சிக்கனம், கம்பியிற் சிக்கனம். சனாதிபதி மாளிகையே சரிந்தது. அமைச்சகங்களும் இடிந்தமையால், மீட்கவேண்டிய அரசாங்கமும் இடிபாட்டினுள் அகப்பட்டது.

அந்த வறுமையும் இயற்கை தந்ததன்று. அடிமைத்தளையை அறுத்து 1804 இல் விடுதலைபெற்ற அந்நாட்டின்மீது, 1825 இல் பிரான்சு 15 கோடி பிராங்கை நட்டஈடாகச் சுமத்தியது. தொகை பின்னர் குறைக்கப்பட்டதாயினும், அக்கடனைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் இறுத்தனர்.

பொருளிழப்பின் கணக்கு வேறுவகையானது. சிலியின் இழப்பு ஏறத்தாழ 3,000 கோடி டொலர்; ஹெயிட்டியினது ஏறத்தாழ 780 கோடி டொலர். தொகையை மாத்திரம் நோக்குவோர் சிலியே பெரிதும் இழந்ததென்பர். ஆனால் சிலியின் இழப்பு அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஐந்திலொரு பங்கிலும் குறைவு. ஹெயிட்டியின் இழப்போ அதன் முந்திய ஆண்டின் முழு உற்பத்தியையும் விஞ்சியது. செல்வர் வீட்டிற் பத்து மாடு இறப்பதும், ஏழையின் ஒரே மாடு இறப்பதும் எண்ணிக்கையால் அளக்கத்தக்கன அல்ல.

இனி, செல்வமொன்றே போதுமோ என்பது வினா. 2005 ஆகஸ்ட் 29 இல் 'கத்ரினா' என்னும் சூறாவளி ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அதன் வருகை முன்னதாகவே செம்மையாக அறிவிக்கப்பட்டிருந்தது. வெளியேறுமாறு முதல் நாளே கட்டளையும் பிறந்தது. மோட்டார் வண்டி உடையோர் வெளியேறினர். இல்லாத வறியோரும் முதியோரும் நோயாளரும் தங்கிவிட்டனர். அணைகள் உடைந்தன. உலகின் மிகப் பெருஞ் செல்வநாட்டிலே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு நாட்டின் செல்வம் அந்நாட்டிலுள்ள எல்லார்க்கும் உரியதாய் இருப்பதில்லை. சிலியிலும் விழிப்பு ஓரிடத்திலே தவறியது: கடற்கோள் எச்சரிக்கையை அதற்குரிய கடற்படை நிலையம் உரிய காலத்துக்கு முன்னரே நீக்கிவிட, அலைகளால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு பங்களாதேசம். 1970 நவம்பர் 12 ஆம் நாள் இரவு, அப்பொழுது கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட அந்நாட்டின் கழிமுகத் தீவுகளின்மீது சூறாவளியுங் கடற்பெருக்கும் ஒருங்கே பாய்ந்தன. மாண்டோர் மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரையென மதிப்பிடுவர். தசுமுதீன் என்னும் பகுதியிலே குடிசனத்தின் நூற்றுக்கு 45 பங்கினர் ஒரே இரவில் அழிந்தனர். அரசாங்கத்தின் மெத்தனத்தாற் பிறந்த சினம் அடுத்த மாதத் தேர்தலிலே வெளிப்பட்டது. 1971 இல் நாடே பிரிந்தது.

புதிய நாடு மிக வறியது. எனினும் 1972 இல், செஞ்சிலுவை இயக்கத்தின் துணையோடு, சூறாவளி ஆயத்தத் திட்டமொன்று தொடங்கப்பட்டது. ஊரிலுள்ளோரே அதன் தொண்டர். வானொலியிற் செய்தி வந்ததும் கொடி ஏற்றுவர். அபாயம் மிகுந்தோறும் கொடிகள் இரண்டாகி மூன்றாகும். கையில் ஒலிபெருக்கியுடன் வீடுதோறுஞ் சென்று அழைப்பர்.

ஆயினும் 1991 ஏப்ரல் 29 இல் வந்த சூறாவளி ஏறத்தாழ 1,38,000 பேரைக் கொண்டு சென்றது. எச்சரிக்கை சென்றிருந்தது; புகலிடங்களோ மிகச் சில. மாட்டையும் பண்டத்தையும் விட்டுப்போக மனமின்றிப் பலர் தங்கினர். பெண்களின் இறப்பு ஆண்களின் இறப்பிலும் பன்மடங்காயிற்று. கணவன் வருமுன் வீட்டைவிட்டு நீங்கத் தயங்கியமையும், ஆடவர் நெருங்கி நிற்கும் புகலிடத்துக்குச் செல்ல நாணியமையும், நீரிற் கால்களைப் பிணித்த சேலையும் காரணங்களாகக் காட்டப்பட்டன. இவற்றை அறிந்தே பிற்காலத்திற் புகலிடங்கள் அமைக்கப்பட்டன. தூண்களின்மேல் உயர்த்திய பாடசாலைக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன; பெண்களுக்குத் தனியறைகளும் கால்நடைகளுக்கு மண்மேடுகளும் உண்டாயின. இன்று ஏறத்தாழ 76,000 தொண்டருட் பாதியினர் பெண்கள். 2007 நவம்பரில் வந்த 'சித்ர்' சூறாவளியில் மாண்டோர் ஏறத்தாழ 3,400 பேர். 2020 மே மாதத்து 'அம்பன்' சூறாவளியின்போது 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்னரே அகற்றப்பட்டனர்; அந்நாட்டில் இறந்தோர் சில பத்துப் பேரே.

ஆனால் புகலிடத்திலிருந்து இறங்கி வந்த உழவன் கண்டது யாது? உடைந்த அணை, உவர்நீர் தேங்கிய வயல், கூரையற்ற வீடு. உயிர் தப்புதற்கு ஆயத்தம் போதுமானதாயினும், மீள வாழ்வதற்குப் பொருள் வேண்டியுள்ளது. ஆயத்தத்தைப் புகழ்ந்து வறுமையை மறந்துவிடுவோர் இவ்வுழவனையும் நினைத்தல் நன்று.

நம் நாட்டு நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26 இல் சுமாத்திராவுக்கு அருகே கடலடி அசைந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை அடைந்தது. இந்து சமுத்திரத்திலே எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் அன்றில்லை. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையிலிருந்த சிமெலுவே என்னுந் தீவிலோ, ஏறத்தாழ 78,000 மக்களுள் இறந்தோர் ஏழு பேர் மாத்திரமே. அத்தீவார் செல்வருமல்லர், கருவி உடையோருமல்லர். 1907 இல் அவர்தம் முன்னோரைக் கடல் வாரியபின், 'நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு' என்னுஞ் செய்தியை 'ஸ்மோங்' என்னும் ஒரு சொல்லில் அடக்கிக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்.

கடல்கோள் என்னுஞ் சொல் நமக்கும் புதிதன்று. இறையனார் களவியலுரை சங்கங்கள் இருந்த நகரங்களைக் கடல் கொண்டமை கூறும். மகாவமிசமுங் கல்யாணி நாட்டைக் கடல் விழுங்கிய கதையைக் கூறும். இவற்றை நாம் பழம்பெருமையாகவே கற்றோம். கடல் உள்வாங்கிய அக்காலையில், வெளிப்பட்ட மணலிலே துள்ளிய மீனைப் பொறுக்கச் சென்ற பிள்ளைகளுக்கு, அது எதன் முன்னறிகுறியென எவருஞ் சொல்லிவைத்திருக்கவில்லை.